ஒரு கிராங்க் புல்லியும் இரண்டு நாள் வேலையும்

என் காரின் டைமிங் பெல்ட் (எஞ்சினின் கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் ஒத்து ஓடவைக்கும் பல் பெல்ட்) மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டது, நானே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். பெல்ட் கவரைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் கிராங்க் புல்லி, அதாவது எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கும் சக்கரம், வெளியே வர வேண்டும். அதன் நடுவில் இருக்கும் ஒற்றை போல்ட்தான் என்னை இரண்டு நாள் நிறுத்திவைத்தது. புல்லியைப் பிடிக்கும் ஹோல்டர், போல்ட்டை அடித்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் கன், புல்லியை இழுத்தெடுக்கும் புல்லர் எதுவும் என்னிடம் இல்லை. சாக்கெட் செட், பிரேக்கர் பார் (இறுகிய போல்ட்டைத் திருப்பும் நீண்ட கைப்பிடி), ஒரு இரும்புப் பைப், ட்ரில் மெஷின், இவ்வளவுதான் இருந்தன.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, வலது முன்சக்கரத்தை எடுத்தேன். போல்ட்டில் சாக்கெட்டை மாட்டித் திருப்பினால் எஞ்சினே சேர்ந்து சுற்றுகிறது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. போல்ட்டைத் திருப்புவது பாதி வேலைகூட இல்லை, கிராங்க்கை அசையாமல் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஐந்தாம் கியர் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பலனில்லை. என்னுடையது முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி, ஹேண்ட்பிரேக் பிடிப்பதோ பின்சக்கரங்களை. தம்பியை உள்ளே உட்காரவைத்து, "கால் பிரேக்கை நல்லா அழுத்திப் பிடிடா" என்றேன். சக்கரம் கழற்றியிருந்த பக்கம் டிஸ்க் ஆடியது, அதனால் வீல் நட்டுகளைத் திரும்பப் போட்டு அதை இறுக்கினேன். டாப் கியர் போட்டதற்குக் காரணம் உண்டு. முதல் கியரில் நாம் கொடுக்கும் விசை பல மடங்காகிப் பிரேக்குக்குப் போகும், டாப் கியரில் அந்தச் சுமை மிகவும் குறைவு. இருந்தும் என் வண்டியில் இது போதவில்லை. பாரை அழுத்தினால் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்குகளும் ஆக்சிலும் ரப்பர் போல முறுக்கிக்கொண்டு, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தன. போல்ட் அசையவில்லை.

பாரைச் சேஸியில் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் விடும் என்று பலர் சொல்வார்கள். சிலருக்கு வேலை செய்திருக்கும். நான் செய்யவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். பார் நழுவினால் எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியாது. இடஞ்சுழியாக ஓடும் எஞ்சினாக இருந்தால் போல்ட் இன்னும் இறுகத்தான் செய்யும். கேம் புல்லியைப் பிடித்துக்கொண்டு கிராங்க்கை நிறுத்தப் பார்ப்பதும் வேண்டாம், பெல்ட் பல் தாண்டிவிடும்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் படுத்தேன். கிளட்ச் ஹவுசிங்கின் கீழே ஒரு சிறிய தகட்டு மூடி இருந்தது. அதைக் கழற்றினால் கிராங்க்கின் மறுமுனையில் அதோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலின் ரிங் கியர் பற்கள் பளபளவென்று தெரிந்தன. தடித்த இரும்புப் பட்டை ஒன்றின் முனையை அரத்தால் தேய்த்துப் பல் இடைவெளிக்குப் பொருந்தவைத்து உள்ளே நுழைத்தேன். ஹவுசிங் அலுமினியம் என்பதால் பட்டை அதன் மெல்லிய ஓரத்தில் சாய்ந்தால் உடைந்துவிடும், தடித்த பகுதியில் சாயும்படி பார்த்து வைக்க வேண்டும். பிறகு உள்ளே ஆறு மூலை உள்ள சாக்கெட்டை மாட்டினேன். பன்னிரண்டு மூலை உள்ளதைப் போட்டால் போல்ட் தலை மழுங்கிவிடலாம். பாரில் பைப்பைச் செருகியதும் ஒரு மீட்டர் நீளம் கிடைத்தது. அந்த நீளத்தில் 20 கிலோ எடையளவு அழுத்தினாலே கிட்டத்தட்ட 200 நியூட்டன் மீட்டர். வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல மெல்ல எடையைச் சாய்த்தேன். "டக்" என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். போல்ட்தான் விட்டிருந்தது.

ஆனால் புல்லி வரவில்லை. துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். புல்லி பார்வைக்கு ஒரே இரும்பு போல இருந்தாலும் நடு ஹப்புக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ரப்பர் இருக்கும், கிராங்க்கின் அதிர்வை அடக்குவதற்காக. ஓரத்தில் கொக்கி போட்டு இழுத்தால் அந்த ரப்பர் கிழியும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கவர் விரியும்.

என் புல்லியின் ஹப்பில் த்ரெட் போட்ட இரண்டு துளைகள் இருந்தன, எட்டு எம்எம் போல்ட்டுக்கு. கனமான இரும்புப் பட்டையில் அதே இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டேன். கிராங்க் போல்ட்டை வாஷர் இல்லாமல் பல சுற்று உள்ளே விட்டு, ஆனால் இறுக்காமல், தலை வெளியே நிற்கும்படி வைத்தேன். பட்டை அதன் தலையில் முட்டினால் கிராங்க்கின் த்ரெட்டுக்குச் சேதம் வராது. இரண்டு பக்கப் போல்ட்டுகளையும் மாறி மாறி அரைச் சுற்று இறுக்க, புல்லி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து வந்தது. புல்லி தனியே சுற்றாமல் கிராங்க்கோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டான கீயைக் காடியிலிருந்து எடுத்துத் துணியில் மடித்து வைத்தேன். எல்லா எஞ்சினிலும் கீ இருக்காது. சிலவற்றில் போல்ட்டின் இறுக்கம் மட்டுமே பெல்ட் ஓடும் பல் கியரையும் புல்லியையும் பிடித்திருக்கும், அதைத் தளர்த்திய நொடியே டைமிங் போய்விடலாம். உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்துவிட்டுத்தான் பாரைத் தொட வேண்டும்.

கையோடு முன்பக்க ஆயில் சீலையும் மாற்றினேன். பெல்ட் மாட்டியதும் ஃப்ளைவீலில் செருகிய பட்டையை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் டைமிங் குறிகளைச் சரிபார்த்தேன். பிறகு பட்டையை மறுபடி, இந்த முறை எதிர்ப்பக்கம் தாங்கும்படி செருகி, புதுப் போல்ட் போட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். ஹப்பிலிருந்து வெளி வளையம்வரை வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். ரப்பர் வழுக்கினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். இன்று காலை பார்த்தபோதும் நேராகவே இருந்தது.