எறும்பைத் தேடாத மேக்ரோ லென்ஸ்

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து வேலூர்க் கோட்டைக்கு 300 ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். டவுன் பஸ்ஸில் போயிருந்தால் சில்லறையோடு முடிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் கோட்டைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரம் என்னைக் கெடுத்தது. 250-க்குச் சம்மதித்தவர், பாதி வழியில் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கி மறுபடியும் 300-க்கே வந்து நின்றார். பாலாற்றுப் பாலத்தைக் கடந்தபோது ஆற்றில் தண்ணீரும் இல்லை, அவரிடம் தள்ளுபடியும் இல்லை.

50 ரூபாய்க்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்காதீர்கள். பட்ஜெட்டை ஏற்கெனவே லென்ஸ் விழுங்கியிருந்தது. சின்னஞ்சிறியதை நெருங்கிப் பெரிதாக எடுக்க உதவும் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒன்றைச் சென்னையில் நாளுக்கு 700 ரூபாய் வாடகைக்கு எடுத்திருந்தேன், முன்பணம் 5,000. “எறும்பு எடுக்கவா, வண்டு எடுக்கவா?” என்று கேட்டார் கடைக்காரர். “யாளி” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கோட்டை வாசலில் பணத்தைக் கொடுத்துவிட்டு முறைத்தபோதுதான் ஆட்டோக்காரரின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நரைத்து முறுக்கிய மீசை, வெற்றிலைச் சிவப்பு. கோபம் போய், “ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா அண்ணே?” என்று கேட்டேன். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, லென்ஸின் துளையை எஃப் 2.8-க்கு அகலமாகத் திறந்து எடுத்தேன். மீசையின் ஒவ்வொரு முடியையும் எண்ணிவிடலாம்; கண்கள் மட்டும் கலங்கிக் கிடந்தன. அந்தத் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். துளையை எஃப் 4-க்குச் சுருக்கி, என் பக்கம் இருந்த கண்ணில் ஃபோகஸ் வைத்து மறுபடி எடுத்தேன். அபாரம்! கைப்பேசியை முகத்தருகே நீட்டினால் மூக்கு உருளைக்கிழங்காகிவிடும். இங்கே தள்ளி நின்றதால் எல்லாம் அளவோடு அமைந்தது. ஆனால் இந்த லென்ஸுக்கு இரக்கம் கிடையாது. தோலின் ஒவ்வொரு குழியையும் காட்டிக்கொடுத்துவிடும். திருமண வீட்டில் அத்தைமார்களைப் படமெடுக்கப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். 50 ரூபாயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து, 1981-இல்தான் மறுபடி லிங்கத்தைப் பெற்றது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்துக்காகத்தான் நான் போனேன். பாயும் யாளிகளும் குதிரை வீரர்களுமாகத் தூண்கள். முழுத் தூணையும் எடுக்கலாம் என்று பார்த்தால் சட்டகத்தில் அடங்கவே இல்லை. படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள என் கேமராவில் இந்த லென்ஸின் பார்வை இன்னும் குறுகிவிடும், ஜூமும் கிடையாது. பின்னால் நகர்ந்து நகர்ந்து அடுத்த தூணில் முதுகு இடித்ததுதான் மிச்சம்.

சரி, தூண் வேண்டாம், பல் போதும் என்று யாளியின் வாயை நெருங்கினேன். பொருள் அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும், ஒன்றுக்கு ஒன்று என்ற முழு உருப்பெருக்கத்தில் லென்ஸின் முனைக்கும் கல்லுக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. லென்ஸின் நிழலே கல்மீது விழுகிறது. துளையை எஃப் 8 வரை சுருக்கினாலும் கூர்மையான ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. மண்டபத்து இருட்டில் ஆட்டோஃபோகஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக முனகிக்கொண்டு அலைந்தது. அதை அணைத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து, கூர்மை வரும் நொடியில் அமுக்கினேன். முக்காலிக்குத் தொல்லியல் துறையிடம் தனி அனுமதி வேண்டும் என்பதால் தூண்தான் எனக்கு முக்காலி. பத்துப் படத்தில் இரண்டு தேறின. அந்த இரண்டில், பக்கவாட்டு வெளிச்சத்தில், உளி இழுத்த கோடுகள் உழுத வயல்போல எழுந்து நின்றன. கண்ணால் பார்த்தபோது அங்கே அப்படி எதுவுமே தெரியவில்லை! அரைமணி நேரம் அந்த ஒரு பல்லிலேயே கழிந்தது. கோட்டையின் மற்ற இடங்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

மதியம் பஸ் பிடித்து ஆற்காடு. சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்திரிக்காய். கேட்காமலேயே இன்னொரு கரண்டி கத்திரிக்காய் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். பிறகு மக்கன் பேடா. குலாப் ஜாமூனின் தம்பி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே முந்திரியும் பாதாமும் ஒளிந்திருக்கும் தனிப்பிறவி அது. பிட்டு வைத்து, பாகு சொட்டும் இடத்தை நெருங்கி எடுத்தேன். அந்தப் பளபளப்பை எடுக்கத்தான் மேக்ரோ பிறந்தது என்று தோன்றியது. படம் முடிவதற்குள் ஒரு கை பேடாவுக்குப் போய்விட்டது. அதே கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினேன். ஈரக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தும், சென்னை வரும்வரை 5,000 ரூபாய் முன்பணம்தான் கண்முன் நின்றது.

முகத்துக்கு ஒரு லென்ஸ், நுணுக்கத்துக்கு ஒரு லென்ஸ் என்று தனித்தனியே வாங்க என்னிடம் காசில்லை. வாங்கினால் இது ஒன்றைத்தான் வாங்குவேன். செலவுக் கணக்கை வரிசையாக எழுதலாம் என்றிருந்தேன். ஆட்டோவை நினைத்தாலே கை வரவில்லை.

மறுநாள் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். விரலை முகர்ந்து பார்த்தார். முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்: “எறும்பை நீங்கள் தேடிப் போகவேண்டாம் சார், இனி அதுவே வரும்.”