ஒரே பெயரில் இரண்டு சி.டி.பி: எங்கள் கந்தோரில் ஓட்டோகாட் அமைப்புகளைப் பொதுவாக்கிய கதை

எங்களுடையது திருகோணமலை கண்டி வீதியோரம் உள்ள சிறிய வரைபடக் கந்தோர். வீட்டுத் திட்டங்கள், மதகுகள், உள்ளூர் வீதிகள், அவ்வப்போது நிலாவெளிப் பக்கம் விடுதி கட்டுபவர்களின் வேலை. எல்லாரும் ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில்தான் வரைகிறோம். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் தொழில் பழகி வந்தவர்கள். ஆளுக்கொரு டெம்ப்ளேட் (புதுப் படம் தொடங்கும் மாதிரி பைல்), ஆளுக்கொரு லெயர்ப் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) பெயர், ஆளுக்கொரு பிளொட் ஸ்டைல் (எந்த நிறக் கோடு தாளில் எவ்வளவு தடிப்பாக வரும் என்று சொல்லும் சி.டி.பி. பைல்). அவரவர் வேலையை அவரவர் முடித்துக் கொடுத்த வரைக்கும் இது யாரையும் உறுத்தவில்லை.

மூதூர்ப் பக்கத்து வீதி வேலை ஒன்று வந்தபோதுதான் ஒரே படத்தொகுதியில் எல்லாரும் கைவைக்க வேண்டியதாயிற்று. மதகுகளைக் கிண்ணியாவிலிருந்து வரும் நானா வரைந்தார். நெடுக்குவெட்டு தங்கச்சியின் பொறுப்பு. பிளொட் எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தால், ஒரே தரைமட்டக் கோடு ஒரு தாளில் தடிப்பாக, மற்றதில் மயிரிழையாக.

“என்ட கொம்பியூட்டர்ல வடிவாத்தானே வருது” என்றார் நானா. தங்கச்சியும் அதையேதான் சொன்னார். இருவர் சொன்னதும் உண்மை. இரண்டு கணினியிலும் பிளொட் விண்டோவில் காட்டிய சி.டி.பி. பெயர்கூட ஒன்றுதான்.

விஷயம் இதுதான்: படத்துக்குள் சேமிக்கப்படுவது சி.டி.பி. பைலின் பெயர் மட்டும். எந்த நிறத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு என்ற விவரம் அந்தந்தக் கணினியில் இருக்கும் பைலில்தான் உண்டு. அந்த பைல் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டா போல்டருக்குள், ‘பிளொட் ஸ்டைல்ஸ்’ என்ற இடத்தில் கிடக்கிறது. இரண்டையும் திறந்து பார்த்தோம். நானாவுடையதில் சிவப்பு 0.50, தங்கச்சியுடையதில் சிவப்பு 0.18. பெயர் ஒன்று, உள்ளே வேறு சரக்கு. பைல் கிடைக்கவில்லை என்றால் ‘மிஸ்ஸிங்’ என்றாவது காட்டும். இப்படி ஒரே பெயரில் இருந்தால் அதுவும் இல்லை. தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடுவோம் என்று இறங்கினோம். முதலில் எழுந்த கேள்வி, எதைப் பொதுவாக்குவது என்பது. நானாவுக்கு அவருடைய குறுக்குக் கட்டளைகள் விரலில் ஊறியவை. அவை இருக்கும் ஏகாட் பி.ஜி.பி. பைலை மாற்றினால் ஒரு மாதத்துக்கு வேலை ஓடாது. கடைசியில் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். தாளில் தெரிவதெல்லாம் கந்தோருக்குச் சொந்தம். திரையில் மட்டும் தெரிவது அவரவருக்குச் சொந்தம். சி.டி.பி., டெம்ப்ளேட், ஓட்டோகாட்டின் சொந்த எழுத்துருக்களான எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருக்கள், தலைப்புப் பெட்டி ஆகியவை பொது. குறுக்குக் கட்டளை, பின்னணி நிறம், டூல்பார் யாருக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி. இந்தப் பிரிப்பைச் செய்த பிறகுதான் கந்தோரில் வாக்குவாதம் அடங்கியது.

அடுத்தது, இந்த பைல்களை எங்கே வைப்பது. சேர்வர் என்று நாங்கள் சொல்வது மூலையில் இருக்கும் ஒரு பழைய கணினி. அதில் ஒரு போல்டரை வைத்து, எல்லா ஓட்டோகாட்டையும் நேரே அதைப் பார்க்கச் செய்யலாம்; பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தேடும் பாதையில் உள்ள நெட்வேர்க் இடம் எட்டாவிட்டால் ஓட்டோகாட் திறப்பதற்கே இழுத்துக்கொண்டு நிற்கும். கரண்ட் போய் வந்த பிறகு அந்தப் பழைய கணினியை யாராவது மறக்காமல் போட வேண்டும். மடிக்கணினியை மூதூருக்குக் கொண்டுபோனால் சேர்வரே கிடையாது. ஆகவே மூலப்பிரதியைச் சேர்வரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணினியின் சி டிரைவிலும் ஒரே பெயரில் ஒரு போல்டருக்கு அதைப் பிரதி எடுக்கிறோம். காலையில் கணினியைத் திறக்கும்போதே ஒரு சிறிய பட்ச் பைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பைல்) ஓடும். உள்ளே இருப்பது விண்டோஸோடு வரும் பிரதியெடுக்கும் கட்டளையான ரோபோகொப்பி.

ரோபோகொப்பியில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ‘மிர்’ என்ற தெரிவு மூலத்தில் இல்லாததை எல்லாம் மறுபக்கத்தில் அழித்துவிடும். யாராவது தன்னுடைய சி.டி.பி.யைக் கொண்டுபோய்ப் பொது போல்டரில் போட்டால் மறுநாள் காலை அது இருக்காது. எங்களுக்கு அதுதான் தேவை என்பதால் வைத்துக்கொண்டோம், எல்லாரிடமும் சொல்லியும் வைத்தோம். மற்றது மறுமுயற்சி எண்ணிக்கை. நாமாக எதுவும் குறிப்பிடாவிட்டால், பிரதி எடுக்க முடியாத பைலை அது 30 செக்கன் இடைவெளியில் 10 இலட்சம் தடவை முயற்சிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு வருடம். தடவையையும் இடைவெளியையும் 1 என்று கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

பைல்கள் வந்து சேர்ந்தாயிற்று, இனி ஓட்டோகாட்டுக்கு வழி காட்ட வேண்டும். ஒப்ஷன்ஸ் விண்டோவில் ‘பைல்ஸ்’ பக்கத்தில்தான் எல்லாம். ‘சப்போர்ட் பைல் சேர்ச் பாத்’ பட்டியலில் எங்கள் போல்டரைச் சேர்த்து மேலே நகர்த்த வேண்டும். மேலிருந்து கீழாகத் தேடி முதலில் கிடைப்பதைத்தான் அது எடுத்துக்கொள்ளும். பிறகு பிளொட் ஸ்டைல் தேடும் இடம், டெம்ப்ளேட் இடம், புதுப் படம் திறக்கும் கியூ-நியூ கட்டளைக்கான டெம்ப்ளேட். லிஸ்ப் பைல் (ஓட்டோகாட்டுக்குள் ஓடும் சிறு நிரல்) இருந்தால் ‘ட்ரஸ்டட் லொகேஷன்ஸ்’ பட்டியலிலும் அதே போல்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் திறக்கும்போதெல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை வந்து நிற்கும்.

இதை ஒரு கணினியில் செய்து, இந்த அமைப்புகள் அடங்கிய புரொபைலை ஏ.ஆர்.ஜி. பைலாக ஏற்றுமதி செய்து, மற்றவற்றில் இறக்கினால் வேலை சுலபம் என்று தோன்றும். அந்த பைலை நோட்பேடில் திறந்து பார்த்தால் நிலைமை புரியும். முதல் கணினிக்காரரின் பெயரில் உள்ள போல்டர் பாதைகள் அப்படியே அதற்குள் வந்திருக்கின்றன. அதை மற்றவர் இறக்கினால் அவருடைய ஓட்டோகாட் இல்லாத போல்டரைத் தேடிக்கொண்டிருக்கும். பெரிய நிறுவனம் என்றால் அதைத் திருத்தி அனுப்ப ஆள் இருப்பார். எங்கள் அளவுக்கு, ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து கையால் பாதைகளை இடுவதே நிம்மதி.

இதைவிட அதிகம் யோசிக்க வைத்தது டெம்ப்ளேட். கட்டட வேலைக்கு மில்லிமீற்றர், வீதிக்கு மீற்றர் என்று இரண்டு வேண்டும். இரண்டிலும் இன்ஸ்யூனிட்ஸ் (படத்தின் அலகைச் சொல்லும் எண்) சரியாக இருக்க வேண்டும்: மில்லிமீற்றருக்கு 4, மீற்றருக்கு 6. அது சரியாக இருந்தால் கட்டடப் படத்தை வீதிப் படத்துக்குள் கொண்டுவரும்போது அளவை ஓட்டோகாட்டே மாற்றிக்கொள்ளும்.

ஆள்கூறுகள்தான் தலைவலி. இலங்கையில் இரண்டு ஆள்கூற்றுக் கட்டங்கள் புழக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் மூலப்புள்ளி பிதுருதலாகலை மலைதான். ஆனால் பழைய கண்டவளைக் கட்டத்தில் அந்தப் புள்ளிக்குக் கொடுத்த மதிப்பு 200,000, 200,000. புதிய கட்டமான எஸ்.எல்.டி. 99 இல் அது 500,000, 500,000. அதனால் திருகோணமலை நகரம் பழைய படத்தில் கிழக்கு 250,000, வடக்கு 373,000 சுற்றில் இருக்கும். புதியதில் 550,000, 673,000 சுற்றில். பழைய அளவைப் படத்தைப் புதியதோடு எக்ஸ்ரெஃப் செய்தால் (ஒரு படத்தை மற்றதற்குள் இணைத்துக் காட்டினால்) எங்கள் ஊர் காலிக்கு மேற்கே ஆழ்கடலில் போய் விழும். திரையில் இரண்டு சின்னப் புள்ளிகள் தெரியும், நடுவில் ஒன்றும் இருக்காது. 300,000 மீற்றர் நகர்த்தினால் தீர்ந்தது என்று ஒருவர் சொன்னார். வீதி வேலைக்கு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை. நிலஅளவையாளரிடம் கொடுத்து முறையாக மாற்றி வாங்கினோம். வீதி டெம்ப்ளேட்டில் இப்போது ‘எஸ்.எல்.டி. 99’ என்று தலைப்புப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது.

இந்த அளவைப் படங்கள் கந்தோர்க் கணினியில் ஓர் இடத்திலும், மடிக்கணினியில் வேறோர் இடத்திலும் இருப்பவை. இதற்கு ஓட்டோகாட்டில் அதிகம் பேர் தொடாத ஒரு வசதி உண்டு: ‘ப்ராஜெக்ட் பைல்ஸ் சேர்ச் பாத்’. அதில் வேலைக்கு ஒரு பெயர் கொடுத்து, கீழே போல்டரைக் காட்ட வேண்டும். படத்தைத் திறந்து ‘ப்ராஜெக்ட்நேம்’ மாறியில் அதே பெயரை இட்டுவிட்டால், எக்ஸ்ரெஃப் சேமித்த பாதையில் இல்லாதபோது அந்தப் பெயருக்குரிய போல்டரில் போய்த் தேடும். பெயர் படத்தோடு பயணிக்கிறது, போல்டர் எது என்பது அந்தந்தக் கணினியில் இருக்கிறது. எங்கள் கந்தோரில் எல்லாரையும்விட மடிக்கணினி வைத்திருக்கும் தங்கச்சிக்குத்தான் இது பெரிய உபகாரம். மற்றபடி எக்ஸ்ரெஃப் பாதையை ‘ரிலேட்டிவ்’ ஆக வைத்தாலே பாதிப் பிரச்சினை இல்லை. 2018 பதிப்பிலிருந்து அதுவே இயல்பான தெரிவும்கூட.

லெயர்ப் பெயர்களைச் சரிபார்க்க, கந்தோரின் விதிகளை வைத்திருக்கும் டி.டபிள்யூ.எஸ். பைல் வைத்து ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ கட்டளையையும் பார்த்தோம். வேலை செய்கிறது. ஆனால் சிறிய கந்தோருக்கு அது எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதைக் கணினியிடம் சொல்லி அனுப்புவது மாதிரி. விட்டுவிட்டோம்.

இன்னும் முழுதாகத் தீராதது எழுத்துரு. எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருக்களைச் சப்போர்ட் பாதையிலிருந்து ஓட்டோகாட் எடுத்துக்கொள்கிறது. தலைப்புப் பெட்டியில் தமிழில் இருக்கும் ஊர்ப்பெயர்களோ பாமினியில் அடித்தவை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் ட்ரூடைப் எழுத்துரு. பொது போல்டரில் கிடந்தால் பயனில்லை, விண்டோஸிலேயே நிறுவ வேண்டும். நிறுவாத கணினியில் மூதூர் என்ற இடத்தில் நாலைந்து ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் நிற்கும். கந்தோருக்குள் எல்லாக் கணினியிலும் நிறுவிவிட்டோம். வெளியே போகும் படங்களோடு பி.டி.எஃப். ஒன்றையும் சேர்த்தே அனுப்புகிறோம்.