சிகாகோ ஆற்றைத் திருப்பிவிட்ட கதை

ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவைத்த ஊர் என்று சிகாகோக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. எதற்காகத் திருப்பினார்கள் என்று கேட்டால்தான் கதை நாற ஆரம்பிக்கும்.

ஊர்ச் சாக்கடை முழுக்க ஆற்றில், ஆறு போய்ச் சேர்வது மிச்சிகன் ஏரியில், குடிதண்ணீர் எடுப்பதும் அதே ஏரியில்! 1867-இல் ஏரிக்கு அடியில் 2 மைல் தூரத்துக்குச் சுரங்கம் தோண்டி அங்கிருந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள், டைபாய்டு விடவில்லை. 1865-இல் தொடங்கிய மாட்டுச் சந்தையையும் இறைச்சிக்கூடங்களையும் ஒட்டி ஓடிய கிளையில் ரத்தமும் குடலும் கொட்டி, அடியில் அழுகி, வாயு குமிழ் குமிழாக மேலே வந்தது. 'பப்ளி கிரீக்', அதாவது குமிழி ஓடை என்றே பேர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே குமிழ் வரும். (1885 பெருமழைக்குப் பிறகு காலராவில் 90,000 பேர் செத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது கட்டுக்கதை.)

அப்புறம்தான் 45 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, ஏரித் தண்ணீரே ஆற்றுக்குள் இறங்கி மிசிசிப்பி பக்கம் போகும்படி செய்தார்கள். விவேகானந்தர் 1893-இல் பேசப் போனபோது இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. 1900 ஜனவரி 2 அன்று, விழாவெல்லாம் இல்லாமல், சத்தம் போடாமல் திறந்துவிட்டார்கள். காரணம், கீழே மிசிசிப்பித் தண்ணீரைக் குடிக்கிற செயின்ட் லூயிஸ்காரர்கள் தடையாணை வாங்கிவிடுவார்களோ என்ற பயம். செயின்ட் லூயிஸ் இருக்கிற மிசௌரி மாநிலம் வழக்கு போடத்தான் செய்தது, ஆனால் போதிய ஆதாரம் இல்லை என்று 1906-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளிவிட்டு 'சுத்தம்' என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான சுத்திகரிப்பு நிலையங்கள் 1920களில்தான் வர ஆரம்பித்தன. 1922-இல் கேலுமெட், 1928-இல் வடக்குப் பகுதி, 1930-இல் ஸ்டிக்னி. வடக்குப் பகுதி நிலையத்தில், கழிவுநீரில் காற்றை ஊதி, நுண்ணுயிர்களை அழுக்கைத் தின்னவைக்கிற முறை. இன்னொரு தலைவலி, மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போவது: மழை வலுத்தால் குழாய் நிரம்பி, எல்லாம் அப்படியே ஆற்றுக்குள். அதைத் தேக்கிவைத்து, மழை விட்டதும் மேலேற்றிச் சுத்திகரிக்க 1975-இல் ஆழ்சுரங்கத் திட்டம் தொடங்கினார்கள். சுமார் 175 கிலோமீட்டர் சுரங்கம் முடிய 2006 ஆனது, நீர்த்தேக்க வேலை இன்னும் முழுதாக முடியவில்லை.

எனக்கு ஆச்சரியம் இதுதான். ஆற்றில் விடுகிற தண்ணீரில் கிருமி நீக்கம் செய்ய 2015, 2016 வரைக்கும் இழுத்தடித்தார்கள், அதுவும் மத்திய சுற்றுச்சூழல் முகமை நெருக்கியதால். சரி, செய்தபின் பலன் தெரிகிறது. 2025 செப்டம்பரில், 1927-க்குப் பிறகு முதல்முறையாக, நகர மையத்தில் ஆற்றிலேயே நீச்சல் போட்டி நடந்தது.

பேய்மழை கொட்டினால் மட்டும் வேறு வழியில்லாமல் மதகைத் திறந்து ஆற்றை மறுபடியும் ஏரிக்குள்ளேயே விடுகிறார்கள். 2023 ஜூலையிலும் அப்படித்தான் செய்தார்கள்.