பெரிய பாட்டில்

போன புதன்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கடைக்கு வந்தார். "தம்பி, மாட்டுக்கு மடி கல்லாட்டம் வீங்கிக் கெடக்குது. முன்னெல்லாம் குடுப்பியே, அந்தப் பெரிய வலி ஊசி பாட்டில், அதுல ஒண்ணு குடு" என்றார்.

சத்தியமங்கலம் பக்கம் பதினெட்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவர் கேட்டது டைக்ளோஃபீனாக். ரப்பர் மூடி போட்ட 30 மில்லி குப்பி. மூடியில் ஊசியைக் குத்தி வேண்டிய அளவு உறிஞ்சிக்கொள்ளலாம், மிச்சம் அடுத்த மாட்டுக்கு. மாடுகளுக்கு இதைப் போடக்கூடாது என்று 2006இலேயே மத்திய அரசு தடை போட்டது. ஆனால் மனிதர்களுக்கான லேபிளோடு அதே மருந்து பெரிய குப்பியில் வந்துகொண்டுதான் இருந்தது. நானும் விற்றேன். யாருக்கு என்று கேட்டதில்லை. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

இந்த ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போனால் மருந்து சதையிலும் ஈரலிலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போல உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படியும். சில நாளில் உயிர் போய்விடும். பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பறவைகளை அறுத்துப் பார்த்து 2004இல் இதை வெளியிட்டார்கள். இந்தியாவில் 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிஞ்சியது. செத்த மாட்டைத் தின்று தீர்க்க ஆளில்லாமல் தெருநாய் பெருகியது, தண்ணீர் கெட்டது. பாறுகள் போனதால் 2000 முதல் 2005 வரை ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

2015இல் வந்த உத்தரவுதான் என் கடையை மாற்றியது. மனிதர்களுக்கான டைக்ளோஃபீனாக் ஊசி மருந்தை ஒரு குப்பியில் 3 மில்லிக்கு மேல் அடைக்கக்கூடாது, அவ்வளவுதான். 3 மில்லியில் இருப்பது 75 மில்லிகிராம். ஒரு மாட்டுக்குப் போட ஆம்பியூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி ஐந்தாறுக்காவது கழுத்தை ஒடிக்க வேண்டும். கண்ணாடி விரலைக் கிழிக்கும், காசும் கூடும். பிரசங்கம் செய்யாமலே கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஆனால் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபீனாக்காகவே மாறுகிற இன்னொரு வலி மருந்தான அசெக்ளோஃபீனாக்கைக் கால்நடைகளுக்குத் தடை செய்ய 2023 ஆகிவிட்டது. கூடவே கீட்டோபுரோஃபென் என்ற வலி மருந்தும். முதல் தடைக்கும் இதற்கும் நடுவே பதினேழு வருஷம்! பறவை செத்த பிறகு ஒவ்வொன்றாகத் தடுப்பதற்குப் பதில், மாட்டுக்கான வலி மருந்துக்கு உரிமம் கொடுக்கும் முன்பே பாறுக்கு ஆகுமா என்று சோதிக்கலாமே. மெலாக்சிகாம் பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்துத் தேறிய வலி மருந்து. முடியாத காரியம் இல்லை.

அண்ணனிடம் இவ்வளவும் பேசவில்லை, மாட்டை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பாட்டில் இப்ப வர்றதில்லீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் கால்நடை டாக்டருக்கு நானே போன் போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு வந்து பார்த்தார். மெலாக்சிகாம் ஊசி, கூட மடி நோய்க்கான மருந்து. சனிக்கிழமை காலையில் அண்ணன் பால் கேனோடு கடை வழியாகப் போனார். மாடு தீவனம் எடுக்கிறதாம், ஒரு காம்பில் மட்டும் இன்னும் பால் திரிந்து வருகிறதாம்.