அறுப்பின் பண்டிகைத் தட்டுக்குச் சாக்கில் புளிச்சக்கீரை: ரங்கூனில் ஒரு பருவம்

சபையில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை மேசையில் கடையில் வாங்கிய ஆப்பிளையும் திராட்சையையும் அடுக்குவது தப்பில்லை. ஆனால் வேதத்தில் உபாகமம் 26-ல் கூடையில் வைக்கச் சொல்வது அவரவர் நிலத்தில் விளைந்த முதற்பலனை. நிலமே இல்லாத சந்து வீட்டுக்கு ஏற்றது பர்மியர் சொல்லும் சின்பவுங், அதாவது நம் புளிச்சக்கீரை. சிவப்புத் தண்டு வகையாகப் பார்த்து எடுத்தால் மழைக்காலம் முழுக்கக் கீரை, நவம்பரில் தட்டு நிறையச் சிவப்புக் காய்.

ஜூன் முதல் வாரம். 50 கிலோ அரிசிச் சாக்கு நான்கு, வாயைச் சுருட்டி ஒன்றரை அடி உயரத்துக்கு. அடியில் பத்து ஓட்டை, பக்கவாட்டில் ஆறு, எல்லாம் விரல் பருமன். தோட்ட மண் 2 பங்கு, மக்கிய சாணம் 1, கருக்கிய உமி 1. உமி தீர்ந்துபோய் ஒரு சாக்கு மட்டும் வெறும் மண்ணும் சாணமுமாக நின்றது. ஜூலை மழையில் அது சேறாகி, தண்டின் அடி கறுத்து, செடி இரண்டும் சாய்ந்தன. அடித்தண்டு அழுகியபின் வைத்தியம் இல்லை, பிடுங்கிப் போட வேண்டியதுதான். மற்ற மூன்றையும் செங்கல் மேல் தூக்கி வைத்ததில் தண்ணீர் தேங்கவில்லை.

விதை அரை அங்குல ஆழத்தில், சாக்குக்கு ஆறு. ஐந்து நாளில் முளைக்கும். ஒரு சாண் வந்ததும் நல்லதாக இரண்டை விட்டு மற்றதைச் சட்டிக்கு அனுப்பலாம். ஒன்றரை அடியில் நுனி கிள்ளினால் கிளை பிரியும். ஆகஸ்ட் கடைசியோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். இலை கொழுத்து நிற்கும் நேரத்தில் இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அதற்குமேல் கிள்ளினால் பூக்க வேண்டிய கிளை குழம்புக்குப் போய்விடும். சாண உரமும் அத்தோடு போதும். கூடினால் இலைதான் பெருகும், காய் குறையும்.

அக்டோபர் நடுவில் இரண்டு சாக்கில் மொட்டு. மூன்றாவதில் இலை மட்டும். ஒரே மண், ஒரே விதை. காரணம் தலைக்கு மேலே இருந்தது: தெருவிளக்கு. புளிச்சக்கீரை நீண்ட இரவைப் பார்த்துத்தான் பூக்கும். ரங்கூனில் ஜூனில் பகல் சுமார் 13 மணி நேரம், செப்டம்பர் கடைசியில் 12. அதற்குப் பிறகு சுருங்கச் சுருங்க மொட்டு வரும். கர்த்தர் இரவுக்கு வைத்த அளவை விளக்கு கலைத்தால் செடிக்குப் பருவம் தெரியாது. மின்வெட்டுக்குப் பேர்போன ஊரில் வெளிச்சம் கூடிக் கெடும் என்று யார் நினைப்பார்கள்!

இளம் காய்க் காம்பில் எறும்பு ஏறினால் பக்கத்தில் மாவுப்பூச்சி இருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி சோப்புக் கரைசல், மாலையில், வாரம் இருமுறை.

பூ ஒரு நாள்தான். பூத்து மூன்று வாரத்துக்குள் பறிக்க வேண்டும்: கையால் ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். கத்தரி தேவைப்பட்டால் முற்றிவிட்டது, விதைக்காயை மூடியிருக்கும் சிவப்பு இதழ் நாராகிவிடும். தேறிய இரண்டு சாக்கிலும் சேர்த்து ஒன்றரை வீசை, ஏறக்குறைய இரண்டரை கிலோ. முதல் பறிப்பு தட்டுக்கு. வீட்டுக்குப் போக மிஞ்சியதைக் கொண்டுபோனால் அது முதற்பலன் ஆகாது. கழுவாமல், வாழை இலை விரித்த முறத்தில் பரப்பினால் இரண்டு நாள் வாடாது. கீரைக் கட்டு காலையில் பறித்ததாக இருக்கட்டும், ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்வரை தண்டு தண்ணீரில் நிற்கட்டும்.

அடுத்த பறிப்பு ஜாமுக்கு. அடியை வட்டமாக வெட்டி விதைக்காயைத் தள்ளி எடுக்கவும். இதழ் 400 கிராம், சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 400 மில்லி. பச்சை விதைக்காயை எறியாமல் அந்தத் தண்ணீரில் 20 நிமிடம் வேகவைத்து வடிகட்டினால் ஜாமை இறுக்கும் பெக்டின் அதிலேயே கிடைக்கும். அதில் இதழை 15 நிமிடம் வேகவிட்டு, பிறகு சர்க்கரை. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருங்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. புளிப்பு அதை அரித்து ஜாம் உலோக வாடை அடிக்கும். எவர்சில்வர் நல்லது.

விதைக்கு ஐந்தாறு காயைச் செடியிலேயே விடவும். பழுத்து நுனி வெடிக்கத் தொடங்கும்போது பறித்து, காகிதப் பையில் காயவைக்கவும். காய்ந்த ஓட்டின் நுண்முடி கையை அரிக்கும், துணி சுற்றிக்கொண்டு உடைக்கவும்.