நாய்க்குத் தீராத பேதி: கோழியும் சோறும் பத்தியமா?

"மாத்திரை கொடுத்தா நாலு நாள் நல்லாருக்கு, நிறுத்தினா திரும்பப் பேதி." பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நாய் வளர்க்கும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. மூன்று வாரத்துக்கு மேல் இப்படி விட்டு விட்டு வந்தால் அது நாள்பட்ட கோளாறு. பல நாய்களுக்கு உணவை மாற்றினாலே அடங்கிவிடும். தடவைக்குத் தடவை மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் குடலின் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும்.

முதலில் மலப் பரிசோதனை. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிவராது. அதனால் வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று மாதிரி வேண்டும். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையோ, உங்கள் வழக்கமான டாக்டரோ, யாரிடமாவது கேளுங்கள். எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ, வயிறு உப்பினாலோ உணவுச் சோதனைக்குக் காத்திருக்காதீர்கள். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம், வைட்டமின் பி12 அளவு பார்க்க வேண்டும்.

அடுத்தது உணவு. வயிறு கெட்டால் கோழியும் சோறும்தான் பத்தியம் என்று நினைக்கிறோம். குட்டியிலிருந்து தின்றுவரும் அந்தக் கோழியே காரணமாக இருக்கலாம். மாட்டிறைச்சி, பால், கோதுமையும் அப்படித்தான். நாய் இதுவரை தின்னாத ஒரே புரதம், ஒரே மாவுச்சத்து: இதுதான் சோதனை. மீனே தராத வீடென்றால், 10 கிலோ நாய்க்கு நாளைக்கு ஏறக்குறைய 250 கிராம் கொழுப்பில்லாத, முள் நீக்கிய மீன், 450 கிராம் தோலுரித்த உருளைக்கிழங்கு. வேகவைத்து, உப்பு எண்ணெய் இல்லாமல், மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஐந்தாறு நாளில் படிப்படியாக மாற்றி, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குட்டிகளுக்கு இது வேண்டாம், சுண்ணாம்புச் சத்து போதாது. அவற்றுக்கு டாக்டர் சொல்லும் ஹைட்ரலைஸ்டு (புரதத்தைச் சிறு துண்டாக உடைத்த) தீவனம்தான்.

சோதனை கெடுவது பெரும்பாலும் சமையலால் அல்ல, வீட்டு மனிதர்களால். பாட்டி தரும் மாரி பிஸ்கட், வாட்ச்மேன் போடும் பன், குழந்தை தட்டில் மிச்சமிருக்கும் தயிர், நடைபாதையில் கிடக்கும் பிரியாணி எலும்பு. மாட்டிறைச்சி வாசனையுள்ள பூச்சி மாத்திரையும் கணக்குதான், வாசனையில்லாதது கேளுங்கள். தீவனப் பையின் முன்பக்கம் 'ஆடு' என்று இருந்தாலும் பின்பக்கப் பட்டியலில் கோழிக் கொழுப்பு இருக்கிறதா என்று படியுங்கள். ஒரு துண்டு போதும், இரண்டு வாரச் சோதனை வீணாகும்.

குடலுக்குப் பலன் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெரியும், தோல் அரிப்பும் இருந்தால் எட்டு வாரம். மலம் சிறிது சிறிதாக, சளியோடு, முக்கி முக்கி வந்தால் பெருங்குடல் கோளாறு. சாப்பாட்டில் நனைத்த இசப்கோல் அரை டீஸ்பூன் சேர்த்துப் பார்க்கலாம்.

சரியானதும் பழைய கோழியை மட்டும் திரும்பக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் பேதி திரும்பினால் காரணம் உறுதி. கோழியை நிறுத்திவிட்டு, நிரந்தர உணவுக்கான சுண்ணாம்பு, துத்தநாக அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.