மணலில் ஓடும் ரம்பங்கள்

மண்டபத்தில் பவர் டூல்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிரில்லிங் மிஷின், கிரைண்டர், இழைப்பு மிஷின், வட்ட ரம்பம் எல்லாம் பழுதுக்கு வரும். நாலைந்தை வாடகைக்கும் விடுகிறேன். மழைக்காலத்தில் கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் அந்தக் கதை இல்லை. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, இற்றுப்போன பலகையை மாற்றி, பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து அடித்து, பெயிண்ட் பூசித் திரும்ப இறக்க அந்த இரண்டு மாதம்தான் உண்டு. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று கரை நெடுக ஆசாரிமார் வேலை செய்வார்கள். உள்ளூர் ஆள் போதாமல் வெளியூரிலிருந்தும் வருவார்கள். மிஷின் நின்றுபோனால் ஓடி வருவது எங்களைப் போன்ற கடைகளுக்குத்தான்.

ஒரு மிஷினைக் கழற்றினாலே அதை எப்படிப் புழங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். வட்ட ரம்பத்தின் அடியில் பிளேடை மூடும் கார்டு ஒன்று இருக்கும். பலகைக்குள் பிளேடு இறங்கும்போது அது தானாகப் பின்னால் விலகும். அறுத்து முடித்து மிஷினைத் தூக்கினால் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப மூடிவிடும். சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு சில நொடி சுற்றுமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எங்களிடம் வரும் பல ரம்பங்களில் அந்தக் கார்டு மேலே தூக்கிக் கட்டப்பட்டிருக்கும். மற்ற ஊர்களில் கட்டுக்கம்பி என்றால் இங்கே வலைக்கயிறு. முடிச்சு மட்டும் அருமையாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது.

அப்படி ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்து வைத்தான்.

"அண்ணே, மோட்டார் கார்பன் பிரஷ் மட்டும் மாத்திக் குடுங்க. அது கெடக்கட்டும்."

"ஏன் கட்டுன?"

"பாதியில சிக்கிக்கிருதுண்ணே. பலகை கோணிப் போகுது. ஆசாரியாரு ஏசுறாக."

அவன் சொன்னது உண்மை. கயிற்றை வெட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். கார்டு சுழலும் வளையம் முழுக்க மணலும் மரத்தூளும் கிரீசும் சேர்ந்து, காய்ந்த வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்பிரிங்கின் கொக்கியை உப்பு தின்று முறித்திருந்தது. போதாக்குறைக்கு யாரோ எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். எண்ணெய் பட்டால் மணல் இன்னும் நன்றாகப் பிடிக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்துக் காயவைத்து, புது ஸ்பிரிங் போட்டேன். விரலால் தள்ளிவிட்டதும் கார்டு டக்கென்று மூடியது. பையன் அதை நாலைந்து தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கார்டைக் கட்டாதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டுகிறவன் திமிருக்குக் கட்டுவதில்லை, சிக்குகிறது என்றுதான் கட்டுகிறான். மிஷின் பெட்டிக்குள் வருகிற கையேடு சிமெண்ட் தரையும் கூரையும் உள்ள பட்டறையை நினைத்து எழுதியது. நம் கரையில் உப்பும் மணலும் காற்றும் மிஷினுக்குள் நாள்தோறும் புகுந்துகொண்டிருக்கின்றன. சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் கார்டைச் சுற்றித் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, மூடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் வலைக்கயிற்றுக்கு வேலை இல்லை. கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தருவதைவிட இந்தப் பழக்கத்தை உண்டாக்கினால் பலன் அதிகம் என்பது என் எண்ணம்.

மணல் செய்கிற இன்னொரு வேலை இதைவிட மோசம். பலகையைத் தாங்க வைக்கும் குதிரைகள் கடற்கரையில் வைத்த இடத்திலேயே நிற்பதில்லை. ஆள் சாய்ந்து அழுத்துகிறான், மிஷின் அதிர்கிறது, ஒரு கால் அரை இஞ்ச் இறங்குகிறது. இரண்டு முனையில் மட்டும் தாங்கலுள்ள நீளப் பலகை நடுவில் தொய்யும். தொய்ந்தால் அறுத்த வாய் மேல்பக்கம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தில் பிளேடின் அடிப்பற்கள் முன்னோக்கி ஓடுகின்றன. மரம் அவற்றைப் பிடித்து நிறுத்தினால் அந்த விசை முழுவதும் மிஷினை எதிர்ப்பக்கம், அதாவது அறுப்பவன் மேல், எழுப்பி விட்டெறியும். ஆங்கிலத்தில் கிக்பேக் என்பார்கள், இங்கே "மிஷின் அடிச்சிருச்சு" என்றால் போதும்.

பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். ஏழு இஞ்ச் ரம்பம் நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று ஓடும். ஆபத்து என்று மூளைக்கு எட்டிக் கை அசையக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பிளேடு இருபது சுற்றுச் சுற்றிவிடும். 24 பல் பிளேடு என்றால் ஏறக்குறைய 500 பல் கடந்து போயிருக்கும். கைப்பலம் இதில் எந்த மூலைக்கு?

ஆகவே வேலை முழுவதும் சுவிட்சை அழுத்துவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். குதிரையின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான துண்டுப் பலகை. வெட்டுக் கோட்டுக்கு இரண்டு பக்கமும், கோட்டை ஒட்டியே தாங்கல். பலகைக்கு அடியில் ஒரு பல் உயரத்துக்கு மேல் பிளேடு நீட்டக் கூடாது. நிற்பதும் கோட்டுக்கு நேர் பின்னால் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும். அறுக்கும்போது இறுகுவது தெரிந்தால் மிஷினைப் பின்னால் இழுக்காமல், சுவிட்சை விட்டுவிட்டு, பிளேடு நிற்கும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும்.

பாம்பனில் வயதான ஆசாரியார் ஒருவர், நீளப் பலகையில் ஒரு முழம் அறுத்ததும் மிஷினை நிறுத்திவிட்டு வாய்க்குள் சின்ன ஆப்பு ஒன்றைச் சொருகுவார். அதன் பிறகுதான் மேற்கொண்டு அறுப்பார். இரண்டு பேர் நின்று பெருவாளால் மரம் அறுத்த காலத்துப் பழக்கம் அது. "மொதல்ல ஆப்பு, பெறகு மிஷினு" என்பார். மேஜை ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் நிற்கிற தகடு செய்கிற வேலையும் இதேதான். அந்தத் தகட்டைப் பிடுங்கி மூலையில் போட்டுவிட்ட மர டிப்போக்கள் எத்தனையோ உண்டு.

விரல் பட்டதும் நின்றுவிடும் ரம்பத்தைப் பற்றி இளவட்டங்கள் கேட்பார்கள். போனில் வீடியோ பார்த்திருப்பார்கள். ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999இல் கண்டுபிடித்தது அது. பிளேடில் மெல்லிய மின் சிக்னல் ஓடும், ஈரப்பசையுள்ள உடம்பு பட்டால் அந்தச் சிக்னல் மாறும், சுமார் 5 மில்லி நொடிக்குள் அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து பிளேடைக் கவ்வும். அற்புதமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் நனைந்த மரமும் மின்சாரத்தைக் கடத்தும். உப்புத் தண்ணீரில் ஊறிய படகுப் பலகையை அதில் கொடுத்தால் விரல் படாமலேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம். அதனால் ரொம்ப ஈரமான மரத்துக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டிய நேரத்தில்தான் அது இருக்காது!

பழைய பலகையில் ஒளிந்திருக்கும் ஆணி தனிக் கதை. இரும்பாணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், செம்பாணியைக் காட்டாது. பெயிண்டைச் சுரண்டிக் கண்ணால் தேடுவதைத் தவிர வழியில்லை. ஆணியில் மோதினால் பிளேடின் கார்பைடு பல் உடைந்து பறக்கும். கண்ணாடி ஏன் போடுவதில்லை என்று கேட்டால், மணல் கீறி மங்கிப்போன கண்ணாடியில் கோடு தெரியவில்லை என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். கண்ணாடியைத் துணிப்பையில் போட்டுவைக்க வேண்டும், மங்கினால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கண்ணாடி இல்லாமல் வேலையே ஓடாது என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

எனக்கு ஏழு இஞ்ச் ரம்பத்தைவிடப் பயம் தருவது சின்ன மிஷின்தான். நாலு இஞ்ச் கிரைண்டரில் கார்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பிளேடை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும், பல்லின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். தட்டையாக அமர்த்த அடித்தட்டும் இல்லை, மூடும் கார்டும் இல்லை, ஒற்றைக் கையால் வேறு பிடிப்பார்கள். பிளேடின் மேல் அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்று அச்சடித்திருக்கும், மிஷினின் வேகம் அதைத் தாண்டக் கூடாது. பிளேடு மாட்டிய கிரைண்டர் ரிப்பேருக்கு வந்தால் பிளேடைத் தனியாகப் பொட்டலம் கட்டித்தான் திருப்பிக் கொடுக்கிறேன். முறைத்துக்கொண்டு வாங்கிப் போகிறார்கள்.

கரண்ட் விஷயத்திலும் உப்புதான் வில்லன். சுவிட்சுக்குள் உப்பு படிந்தால் விரலை எடுத்தாலும் பொத்தான் வெளியே வராது. சுவிட்சை அழுத்தியபடியே நிறுத்திவைக்கும் லாக் பட்டனைப் போட்டு ஓட்டும்போது கரண்ட் போனால், போன கரண்ட் திரும்பும்போது தரையில் கிடக்கும் மிஷின் தானாக ஓடத் தொடங்கும். ஒருமுறை என் கண்முன்னாலேயே கிரைண்டர் ஒன்று அப்படி மணலில் துள்ளி ஓடியது. நல்ல வேளை, பக்கத்தில் யாருமில்லை. ஈர மணலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கிடத்தாமல் கம்பத்தில் தொங்கவிட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் டிரிப்பர் இல்லாத லைனில் என் மிஷினை மாட்ட நான் விடுவதில்லை.

உடுப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லுங்கி, கழுத்தில் துண்டு, கையில் கோயில் கயிறு, இந்த மூன்றும் சுற்றுகிற பிளேடுக்கு ஆகாது. தொளதொளவென்ற துணிக் கையுறையும் அப்படித்தான், விரலோடு சேர்த்து இழுத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் விரல் போகிறது. அப்போது எங்கள் ஊரில் நடக்கிற தப்பு ஒன்று உண்டு. கரையில் ஐசுக்குப் பஞ்சமில்லை, துண்டான விரலை நேராக ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். நேராக ஐஸ் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும், ஐஸ் தண்ணீரில் ஊறினாலும் கெடும். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே கிளம்பவும் வேண்டும். விரலை ஒட்டவைக்கும் வசதி தேடி மதுரைக்குப் போவதென்றால் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர்.

ஜூன் முதல் வாரத்தில் கடைக்கு வருகிறவர்களின் பேச்சே மாறிவிடும். ஆசாரிக்கு மொத்தக் காண்ட்ராக்ட், படகுக்காரருக்குத் தேதி, இடையில் மாட்டுவது கூலிக்கு வந்த பையன். ராத்திரி ஒரு பல்பு வெளிச்சத்தில் அறுத்து முடிக்கப் பார்ப்பார்கள். இருட்டிய பிறகு ரம்பத்தை வாடகைக்குக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். போன தடைக்காலத்தில் படகுக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார்.

"நீ தராட்டி ஊர்ல வேற கடை இல்லையா?"

"இருக்கு மாமா, வாங்கிக்கங்க. குதிரைக் காலுக்கு அடியில பலகை போட்டு அறுக்கச் சொல்லுங்க."

பதில் பேசாமல் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, "எத்தனை பலகைடா வேணும்?" என்று கேட்டார்.